புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சு விளக்குகள்

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது என் விளக்குகள் இரண்டும் பின்பக்கக் குழாயடியில், கழுவிய குண்டான் குடங்களோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்த புளி. அதற்குள் கம்பி நார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். தோள்பையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு கனத்தது. அதை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

வேலை செய்யும் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"இன்னாக்கா அப்டிப் பாக்குற? மேல் வூட்டு அக்காதான் தேய்க்கச் சொல்லுச்சு. எவ்ளோ அழுக்கு தெரியுமா? தேச்சித் தேச்சிக் கையே போச்சு. இப்பப் பாரு, எப்டி பளபளன்னு கீது."

பளபளவென்றுதான் இருந்தது, டீக்கடைப் பாய்லர் மாதிரி. அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதைச் செய்தாள். மஞ்சளாக எது கண்ணில் பட்டாலும் பித்தளை என்று முடிவுகட்டி, கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் புளியைக் கரைக்கிற ஊர் இது. என் அம்மாவும் அப்படித்தான் தேய்த்தாள். என் கோபமெல்லாம் மாடியில் இருந்தவள் மேல்.

கீழ்க்கட்டளையில் அப்பா வாங்கிப் போட்ட மனையில் கட்டிய வீடு எங்களுடையது. மாடி தம்பிக்கு, கீழ்த்தளம் எனக்கு. என் கணவர் இறந்த பிறகும் நான் அங்கேயேதான் இருக்கிறேன். மாடியில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே பெண். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் இல்லாத நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க வேண்டுமே என்று ஒரு சாவியை மாடியில் கொடுத்து வைத்திருந்தேன். அந்தச் சாவியால் வந்த வினை.

விளக்குகள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. அந்தச் சந்தையில் கிடைக்காதது கிடையாது. ரோஜாச் செடி, கோழிக்குஞ்சு, ஓடாத தையல் மெஷின், யார் வீட்டிலிருந்தோ பெயர்த்து வந்த கதவு. என் கணவருக்கு அதுதான் கோயில். கட்டடங்களுக்கு மின்சார ஒயரிங் படம் வரைகிற வேலை அவருக்கு. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடுவதற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய ஃபேன்களுக்கும் தண்ணீர் மோட்டார்களுக்கும் நடுவில், சாக்கு விரிப்பின் மேல் இவை இரண்டும் படுத்துக் கிடந்தன. அவர் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், வந்ததுலேர்ந்து அதையே பாத்துகினு கீற?" என்றார் கடைக்காரர். "ஃபாரின் பீஸு சார். எடுத்துக்கினு போ. வூட்ல அம்மா சந்தோசப்படும்."

அந்த வீட்டு அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷப்படவில்லை. இதை எங்கே வைப்பது, யார் துடைப்பது என்று கேட்டாள். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முழங்கை உயரம் இருக்கும் ஒவ்வொன்றும். நடுவில் கருநீலப் பீங்கான், ஜாடி வடிவத்தில். அதன் வயிற்றில் வெள்ளையாக ஒரு வட்டம் விட்டு, அதற்குள் சித்திரம். மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவன் குனிந்து அவளிடம் ரோஜாப்பூ நீட்டுகிறான். ஜாடியை மேலும் கீழும் பிடித்திருப்பது வெண்கலம். இலையும் கொடியுமாக வார்த்து, சிங்கப் பாதம் வைத்து, எல்லாவற்றுக்கும் தங்க முலாம் பூசியிருந்தார்கள். ஒரு காலத்தில் பிரான்சில் எண்ணெய் விளக்காக இருந்து, பிறகு யாரோ மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் பிற்பாடு அவர்தான் படித்துப் படித்துச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போனில் ஏதாவது பிரெஞ்சு மாளிகையின் கூடத்துக்குள் இருப்பார். தட்டில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருக்கும்.

"இது பித்தளை இல்ல, முலாம். தண்ணி படக் கூடாது. பழைய தங்கம் இப்படி மங்கித்தான் இருக்கும், அதுதான் அழகு," என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய வேட்டித் துண்டால் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் போன பிறகு அந்த வேட்டித் துண்டு என் கைக்கு வந்தது.

ஒயரை மாற்றும்போது அவருக்கு ஒரு பிடிவாதம். வெளியில் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் ஸ்விட்ச் வைக்க மாட்டேன் என்றார். பாதத்துக்கு மேலே வளைந்து நிற்கிற வெண்கல இலை ஒன்றின் பின்னால் மிளகு அளவு ஸ்விட்சை ஒளித்து வைத்தார். பிளக்கைச் செருகிவிட்டு, விரலை இலைக்குப் பின்னால் விட்டு மேல்நோக்கித் தள்ள வேண்டும். தெரியாதவர்கள் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது அந்த விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிங்கப் பாதங்களில் முலாம் போய், மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பீங்கானின் விளிம்பில் ஓடிய தங்கக் கோடு பாதி இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடல் தாண்டி, எந்தெந்த வீட்டிலோ இருந்து, சாக்கு விரிப்பில் வெயிலில் கிடந்து, அத்தனைக்கும் தப்பித்த பொருள். என் வீட்டுக் குழாயடியில் ஒரு மத்தியானத்தில் தீர்ந்துபோயிற்று.

மாடிக்கு ஏறினேன். தம்பி மனைவி லட்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்குள்ள போய் என் விளக்கை எடுக்க உனக்கு யார் சொன்னது?"

"ஐயோ அக்கா, சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு பண்ணேன். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க இல்ல? பெரியவங்களால மாடி ஏற முடியாது, கீழ உங்க ஹால்லதான் உக்கார வெக்கணும்னு பேசினோமே. அங்க போய் அழுக்குப் பித்தளைய வெச்சா நல்லாவா இருக்கும்?"

"அது பித்தளை இல்ல. தங்கம். தங்கத்தைக் கம்பி நார் போட்டுச் சுரண்டியிருக்கே."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தங்கமா இருந்தா சந்தையில விப்பாங்களா அக்கா?"

தம்பி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அணைந்திருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தச் சாமர்த்தியம் உண்டு. எந்தப் பக்கமும் பேச வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கத்தினேன். தெருவில் காய்கறி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொன்ன எதற்கும் இன்றுவரை வருத்தமும் இல்லை.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. நான் படியிறங்கப் போகும்போது அவள் பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, கோச்சுக்கக் கூடாது. நாளைக்கு அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க ரூமுக்குள்ளயே இருந்துடுங்க. அவங்க கொஞ்சம் பழைய மாதிரி. மொத மொத வீட்டுக்குள்ள வர்றப்போ எதிர்ல... உங்களுக்கே தெரியும்."

எனக்கே தெரியும். கணவனை இழந்தவள் எதிரில் வந்தால் காரியம் கெட்டுப்போகுமாம். நான் தினமும் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் எதிரில்தான் வருகிறேன். அவர்களில் நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி, வழியில் பார்த்தால் "மிஸ்" என்று ஓடி வருகிறார்கள். இந்தக் கணக்கை யாரிடம் போட்டுக் காட்டுவது?

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் அந்தப் பெண் கீழே வந்தாள். தம்பியின் மகள். நான் தூக்கி வளர்த்தவள். அந்தக் கூடுவாஞ்சேரிப் பையனோடு ஏற்கெனவே போனில் பேசிப் பழகி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் வந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. "எனக்கும் இது பிடிக்கல அத்தை. ஆனா அம்மா ஒரே அழுகை. நாளைக்கு ஒரு நாள், ப்ளீஸ்," என்றாள். அவள் கண்ணைப் பார்த்து ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து விளக்கு இரண்டையும் கழற்றி, ஹோல்டரிலிருந்த ஈரத்தைத் துடைத்துக் காய வைத்து மறுபடியும் பூட்டினேன். வேறு யார் செய்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. நான் அறைக்குள் போகுமுன் கூடத்தை ஒரு தடவை பார்த்தேன். சோபாவின் இரண்டு பக்கமும் என் விளக்குகள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சித்திரத்துக்கு மேல், ஒன்றில் பிள்ளையார் ஸ்டிக்கர், இன்னொன்றில் ஓம் ஸ்டிக்கர். சித்திரத்துப் பெண்ணின் தோளில் துணி கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் மறைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதாம்.

ஆக, அவளையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். என் கூடம், என் நாற்காலிகள், என் விளக்குகள். எல்லாம் வெளியில் உபசாரம் செய்துகொண்டிருந்தன. நான் மட்டும் திருடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே. கார் வந்து நின்றது கேட்டது. பையன், அவனுடைய பெரியப்பா, பெரியம்மா. வாங்க வாங்க என்று தம்பியின் குரல். காபி டம்ளர்களின் சத்தம். பெரியம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"விளக்கு ரொம்ப அழகா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கினது இல்லீங்க," என்றாள் தம்பி மனைவி. "எங்க மாமியார் காலத்துது. பரம்பரையா வருது."

என் அம்மா காலத்தில் குத்துவிளக்கை விட்டால் எங்கள் வீட்டிலிருந்தது ஒரு அரிக்கேன் விளக்கு. அதற்கும் கண்ணாடி உடைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்கைத் தேய்த்ததைக்கூடத் தெரியாமல் செய்தாள் என்று விட்டிருப்பேன். இது தெரிந்தே செய்தது. வெயிலில் உட்கார்ந்து அதைக் கண்டெடுத்த மனுஷனை ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டாள். புளிகூட அவ்வளவு சுத்தமாகத் துடைக்கவில்லை.

"இருட்டிடுச்சே, விளக்கைப் போடுங்களேன், எப்படி எரியுதுன்னு பாப்போம்," என்றாள் பெரியம்மா.

தம்பி ஒயரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் செருகினான். தரையில் மண்டியிட்டு அடியில் பார்த்தான் போலிருக்கிறது, "இங்கதான் எங்கயோ இருக்கும்" என்று அவன் குரல் சோபாவுக்குக் கீழிருந்து வந்தது. பெரியப்பா பல்பு போயிருக்கும் என்றார். பையன் இன்ஜினியர், நான் பார்க்கிறேன் என்று அவனும் தேடினான். அவனுக்கும் கிடைக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அறைக் கதவு விரல் அளவு திறந்தது. தம்பி மனைவியின் முகம் வியர்த்திருந்தது.

"அக்கா, மானம் போகுது. கொஞ்சம் வந்து போட்டுட்டு உள்ள போயிடுங்க."

போட்டுட்டு உள்ள போயிடுங்க. அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

போனேன். யாரையும் பார்க்கவில்லை. முதல் விளக்கருகில் குனிந்து, விரல் யாருக்கும் தெரியாதபடி புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, இலைக்குப் பின்னால் தள்ளினேன். எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. பெரியம்மா "அடடே" என்றாள். தம்பி மனைவி எனக்கு அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரியம்மாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் பொண்ணோட அத்தை," என்றேன். "இது பரம்பரை விளக்கு இல்லீங்க. நானும் என் வீட்டுக்காரரும் பல்லாவரம் சந்தையில வாங்கினது. அவர் தவறிட்டார். விளக்கும் நானும் இருக்கோம்."

தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது.

"பையனோட அம்மா வரலையா?"

பெரியம்மா புடவையைச் சரிசெய்துகொண்டாள். "என் தங்கச்சிதான். அவ வீட்டுக்காரரும் இல்ல பாருங்க. நல்ல காரியம், நான் வரலைன்னு அவளே சொல்லிட்டா."

"அவங்களே சொன்னாங்களா, இல்ல நீங்க சொன்னீங்களா?"

அவள் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. பெற்று, வளர்த்து, படிக்க வைத்த மகனுக்குப் பெண் பார்க்க மற்றவர்கள் போகிறபோது, கூடுவாஞ்சேரியில் ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். எனக்கு என் விளக்குகள் மறந்துபோயின. அவ்வளவு கோபம்.

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கார் கிளம்பியதும் தம்பி மனைவி என் கூடத்தின் நடுவில் நின்று அழுதாள். என் பெண் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுட்டீங்களே என்றாள். நான் மல்லிகைச் சரத்தைப் பிய்த்து எடுத்தேன். ஸ்டிக்கரில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற வைத்து மறுநாள் மெல்ல உரித்தேன். ஓம் சுத்தமாக வந்துவிட்டது. பிள்ளையார் வரும்போது சித்திரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஆளின் கையிலிருந்த ரோஜாப்பூ போய்விட்டது. அவன் இப்போது வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் அப்படியே இருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

சம்பந்தம் கெடவில்லை. பையன் பிடித்த பிடியில் நின்றான். சில நாட்களில் போன் வந்தது. பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. அதுவரை என்னோடு பேசாமலிருந்த தம்பி மனைவி, ஒரு கிண்ணம் பாயசத்தோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, அந்தப் பெரியம்மா கேட்டாங்க. உங்க விளக்கு ரெண்டையும் மேடையில வெக்கணுமாம். வீடியோல நல்லா இருக்குமாம்."

என்ன மனிதர்கள்! என் விளக்குக்கு மேடையில் இடம் உண்டு. எனக்குப் பின்வரிசையில் ஒரு நாற்காலி இருந்தால் அதிகம். பாயசத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"விளக்கு வரும். நான் கொண்டு வருவேன், நான் வெப்பேன், நான் போடுவேன். ஸ்விட்ச் எங்க இருக்குன்னு உங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அக்கா, அன்னிக்கு மட்டும்..."

"அப்ப குத்துவிளக்கு வெச்சுக்கோங்க. அது நம்ம அம்மாவோடதுதான். நிஜமாவே பரம்பரை."

பாயசக் கிண்ணத்தோடு அவள் மாடி ஏறிப் போய்விட்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று விளக்குகளைப் பழைய வேட்டியில் சுற்றி, வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்து வாசலில் நிற்காமல் பக்கவாட்டு வழியாக உள்ளே போனேன். பன்னீர்ச் செம்போடு நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. பக்கவாட்டு வழி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறது. அங்கே காபி டிரம்முக்குப் பக்கத்தில், சாம்பல் நிறப் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பையனின் மூக்கு, பையனின் காது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மகனின் நிச்சயதார்த்தத்துக்கு வரவழைத்து, அடுப்பங்கரைப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஒண்ணைப் பிடிங்க," என்றேன்.

"நானா?"

"ரெண்டையும் என்னால தூக்க முடியல. கனம்."

பொய். காரிலிருந்து இரண்டையும் நான்தான் தூக்கி வந்தேன். அவள் மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாங்கிக்கொண்டாள். நாற்காலி வரிசைகளின் நடுவே நாங்கள் நடந்தபோது பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பெரியம்மா மேடையிலிருந்து பாதி இறங்கி வந்து, "நீ எதுக்குடீ இதையெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"விளக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

வீடியோக்காரர் விளக்கை எங்கே வைக்கிறீர்கள் என்று அவசரப்படுத்தினார். பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவனே பிளக்கைச் செருகினான். பெரியம்மா ஒதுங்கினாள். தம்பி மனைவியின் பார்வையை நான் முதுகில் உணர்ந்தேன், திரும்பவில்லை. என் பக்கத்து விளக்கைப் போட்டேன். அந்த அம்மாள் தன் விளக்கைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். சித்திரத்தில் பூப் போன விளக்கு அது.

"ஸ்விட்சே இல்லையேங்க?"

அவள் கையைப் பிடித்து, விரலை அந்த வெண்கல இலைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். புளி தின்ற இடம் சொரசொரவென்று இருந்தது. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது, அது போகாது. "மேல தள்ளுங்க," என்றேன். தள்ளினாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

அவர் போன பிறகு அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது மறுபடியும் இரண்டு பேருக்குத் தெரியும்.